முதியோர் கல்வியும் இணையமும்

கல்வி எல்லார்க்கும் பொதுவானது. செல்வர்க்கும் வறியர்க்கும், ஆடவர்க்கும் பெண்டிர்க்கும், இளையோர்க்கும் முதியோர்க்கும் அது வேண்டப்படுவது. ஆயினும், இளமையில் கல்லாதவர் பின்னர்க் கற்றல் அரிது என்னும் எண்ணம் நம் நாட்டில் நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று பழமொழியும் கூறி அமைந்துவிடுவர் பலர். பள்ளிக்குச் செல்லும் பருவத்தில் ஆட்டின் பின்னே சென்ற சிறுவனும், தம்பி தங்கையரைத் தொட்டிலில் இட்டு ஆட்டிய சிறுமியும் வளர்ந்து முதியோர் ஆயினர். அவர்கள் கல்லாமைக்குக் காரணம் அவர்தம் சோம்பல் அன்று; வறுமையே காரணம். அத்தகையோர்க்கு இனிக் கல்வியே இல்லை என்பது அறமாகுமோ? இக்காலத்தில் இணையம் என்னும் புதிய கருவி உலகெங்கும் பரவியிருக்கிறது. ஆசிரியர் ஓரிடத்தும் மாணவர் வேறிடத்தும் இருந்து கற்கும் வாய்ப்பை அது தருகிறது. அக்கருவி எளிய முதியோர்க்கும் எட்டுமா? எட்ட வேண்டுமாயின் அதற்கு வேண்டுவன யாவை? இவற்றை ஆராய்வோம்.

விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழி வட்டத்தில் பரளச்சி என்னும் ஊர் உள்ளது. அருப்புக்கோட்டை, திருச்சுழி, பரளச்சி என்னும் ஊர்களைச் சூழ்ந்த நிலப்பகுதி வானம் பார்த்த பூமியாகும். ஆண்டு முழுதும் நீரோடும் ஆறு இங்கு இல்லை. குண்டாறு மழைக்காலத்தில் பெருகி ஓடும். ஏனைய நாளில் மணற்பரப்பாகக் கிடக்கும். ஐப்பசி கார்த்திகையில் பெய்யும் மழையை நம்பியே உழவர் விதைக்கின்றனர். கரிசல் நிலத்தில் பருத்தியும் சோளமும் கம்பும் மல்லியும் விளையும். மழை பொய்த்த ஆண்டில் சீமைக் கருவேல மரத்தை வெட்டி, மூட்டம் போட்டுக் கரி எடுத்து விற்பர், ஆடு வளர்ப்பர், வெளியூர்களுக்குக் கூலி வேலை தேடிச் செல்வர். இத்தகைய நிலத்தில் பிறந்த ஏழைப் பிள்ளைகளுள் பலர்க்கு, முன்னாளில், பள்ளி அருகில் இருந்தபோதும் எட்டாத தொலைவில் இருந்தது. பிள்ளையின் கைக்கூலியும் குடும்பத்துக்குத் தேவைப்பட்டதே காரணம்.

இப்பகுதி மக்கள் நன்கறிந்த ஒன்று உண்டு. கண்மாய் நிறைந்தவுடன் எல்லா வயலும் தாமே நனைந்துவிடுவதில்லை. மடையைத் திறந்து, வாய்க்காலின் அடைப்பை நீக்கி, முறை வைத்து, கடைமடை வயல் வரையில் நீரைக் கொண்டு சேர்ப்பதற்கு நீர்பாய்ச்சி என்பவர் ஒருவர் வேண்டும். அவர் உழைப்புக்கு ஊரார் விளைச்சலில் ஒரு பங்கு அளந்து தருவது பழைய வழக்கம். நீர்பாய்ச்சி இல்லையேல் மடையருகே உள்ள வயல் மூழ்கும். கடைமடை வயல் காயும். கல்வியும் அத்தகையதே. நாட்டில் கல்வி பெருகினால் மட்டும் போதாது. அது கடைமடையில் நிற்பவரைச் சென்று சேர்தல் வேண்டும்.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் எழுத்தறிவு பெற்றோர் நூற்றுக்கு 80.09 பேர் ஆவர். ஆடவருள் நூற்றுக்கு 86.77 பேரும் பெண்டிருள் நூற்றுக்கு 73.44 பேரும் எழுத்தறிந்தவராய் இருந்தனர். அஃதாவது, அந்நாளில் பெண்டிருள் நால்வரில் ஒருவர்க்கு எழுத்துத் தெரியாது. இக்கணக்கு ஏழு வயதுக்கு மேற்பட்ட அனைவரையும் சேர்த்தது. சிறுமியர் பெரும்பாலும் பள்ளியில் இருந்தமையின், எழுத்தறியாதவருள் மிகப் பலர் வயது முதிர்ந்த பெண்டிரே என்பது தெளிவு.

எழுத்தறியாமையால் விளையும் இழப்பு எத்தகையது? பருத்தியை எடைபோட்டு வாங்குவோர் தரும் சீட்டில் எழுதியிருப்பது எவ்வளவு என்பது உழவர்க்குத் தெரிவதில்லை. பூச்சிமருந்துப் புட்டியின் மேல் அச்சிட்ட எச்சரிக்கையைப் படிக்க இயலுவதில்லை. வங்கியில் பணம் எடுக்கும் தாளை நிரப்ப, அங்கு வருவோர் போவோரை வேண்டி நிற்க வேண்டியிருக்கிறது. பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்கவும் பிறர் துணை வேண்டும். இவை பழைய இடர்கள். இவற்றோடு இக்காலத்தில் புதிய இடர்களும் சேர்ந்துள்ளன. ஊரக வேலைத் திட்டத்தில் 2023ஆம் ஆண்டு தொடங்கிக் கைப்பேசிச் செயலி வாயிலாகவே வருகை பதிவு செய்யப்பட்டது. வங்கிக் கணக்கும் உதவித்தொகையும் சான்றிதழ் விண்ணப்பமும் இணையத்தோடு பிணைந்துவிட்டன. முன்னாளில் எழுத்தறியாதவர் தம் கடிதத்தைப் படித்துக் காட்டுமாறு அண்டை வீட்டாரை வேண்டுவர்; அதனால் வரும் தீங்கு சிறிது. இந்நாளிலோ, 'ஓ.டி.பி.' என்று வழங்கும் கடவு எண்ணை முன்பின் அறியாதவர்க்குச் சொல்லிவிட்டால், ஆண்டு முழுதும் உழைத்துச் சேர்த்த பொருள் ஒரு நொடியில் பறிபோகும். ஆகவே, முதியோர் கல்வி முன்னினும் இன்று மிகுதியாக வேண்டப்படுகிறது.

முதியோர்க்குக் கல்வி புகட்டும் முயற்சி நம் நாட்டுக்குப் புதிதன்று. 1990ஆம் ஆண்டில் கேரளத்து எர்ணாகுளம் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அதனைப் பின்பற்றித் தமிழ்நாட்டில் அறிவொளி இயக்கம் எழுந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் அது 1991ஆம் ஆண்டில் பேரியக்கமாக வளர்ந்தது. அந்நாளில் அம்மாவட்டத்தின் ஆட்சியராக விளங்கியவர் ஷீலா ராணி சுங்கத் அம்மையார். எழுத்தோடு மிதிவண்டி ஓட்டுதலையும் சேர்த்துக் கற்பிக்கும் திட்டம் அவர் காலத்தில் வகுக்கப்பட்டது. கல் உடைக்கும் பெண்களும் வயல் வேலை செய்யும் பெண்களும் மிதிவண்டி பழகினர். அவ்வாறு பழகியோர் தொகை ஓர் இலட்சத்தை எட்டியது என்பர். பகல் முழுதும் உழைத்த பெண்கள் இரவில் தெருவிளக்கின் கீழும் திண்ணையிலும் அமர்ந்து எழுத்துக் கற்றனர். கற்பித்தவர் பெரும்பாலும் அவ்வவ்வூர் இளைஞர். ஊதியம் பெறாத தொண்டர்.

அவ்வியக்கம் ஓர் உண்மையை உணர்த்திற்று. முதியோர்க்குக் கற்கும் ஆற்றல் இல்லை என்பது பொய். அவர்களை நாடிச் செல்வார் இல்லை என்பதே மெய். ஆனால், மற்றோர் உண்மையையும் அது உணர்த்திற்று. கற்ற எழுத்தை நாள்தோறும் பயன்படுத்தாவிடின் அது மறந்து போகும். இயக்கம் ஓய்ந்த பின்னர்ப் படிப்பதற்கு எளிய நூல் கிடைக்காமையாலும், ஐயம் கேட்பதற்கு ஆசிரியர் இல்லாமையாலும், கையெழுத்திடும் அளவோடு நின்றவர் பலர். அதனையும் மறந்தவர் சிலர். தொடங்கி வைத்தல் எளிது. தொடரச் செய்தலே அரிது. இத்தொடர்ச்சியைத் தருவதற்கு இணையம் துணை செய்யக்கூடும் என்பதே அறிஞர் கருத்து.

தொலைவில் இருந்து கற்றல் என்பதும் நெடுங்காலமாக உள்ள முறையே. 1858ஆம் ஆண்டிலேயே இலண்டன் பல்கலைக்கழகம், கல்லூரியில் வந்து பயிலாதவரும் தேர்வு எழுதிப் பட்டம் பெறலாம் என்று வழிவகுத்தது. இங்கிலாந்தில் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1969ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. நம் நாட்டில் 1975-76ஆம் ஆண்டில், செயற்கைக்கோள் வாயிலாக, ஆறு மாநிலங்களில் 2,400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சிப் பாடங்கள் ஒளிபரப்பப்பட்டன. ஊர் மக்கள் பொதுவிடத்தில் கூடி அமர்ந்து உழவும் நலவாழ்வும் பற்றிய செய்திகளைக் கண்டு கேட்டனர். 1985ஆம் ஆண்டில் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 1989ஆம் ஆண்டில் தேசியத் திறந்தநிலைப் பள்ளியும், 2002ஆம் ஆண்டில் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தோன்றின. தமிழைக் கற்பிப்பதற்கென்றே 2001ஆம் ஆண்டில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பெற்றது. அதுவே இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என வழங்குகிறது. 2017ஆம் ஆண்டில் இந்திய அரசு 'சுவயம்' என்னும் இணையப் பாட அமைப்பைத் தொடங்கிற்று. இவை யாவும் கல்வியின் பெரிய நீர்நிலைகள். எனினும், இவற்றில் நேரே இறங்கி நீர் முகப்பதற்கு எழுத்தறிவு வேண்டும், கருவியும் வேண்டும், ஓய்வும் வேண்டும். இம்மூன்றும் இல்லாத எளியோர்க்கு வழி யாது? இவ்வினாவிற்கு விடையாக அமைந்த சில முயற்சிகளை இனிக் காண்போம்.

புதுவைப் பகுதியில், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998ஆம் ஆண்டில் சிற்றூர் அறிவு மையங்களை அமைத்தது. வில்லியனூரில் நடுநிலையம் ஒன்றும், சுற்றியுள்ள ஊர்களில் கிளை மையங்களும் ஏற்பட்டன. மையத்துக்கு வேண்டிய இடத்தை ஊராரே தருதல் வேண்டும். எச்சாதியினரும் தடையின்றி வந்து பயன்பெறும் இடமாக அது இருத்தல் வேண்டும். இவை அந்நிறுவனம் விதித்த நிபந்தனைகள். ஊரைச் சேர்ந்த ஆடவரும் பெண்டிருமே பயிற்சி பெற்றுக் கணினியை இயக்கினர். வீராம்பட்டினம் என்னும் மீனவர் ஊரில், கடல் அலையின் உயரம் பற்றிய செய்தி இணையத்திலிருந்து நாள்தோறும் எடுக்கப்பட்டது. அச்செய்தி ஆங்கிலத்தில் இருந்தது. மையத்தில் இருந்தவர் அதனைத் தமிழில் ஆக்கி ஒலிபெருக்கியில் அறிவிப்பார். கடலுக்குச் செல்லுமுன் மீனவர் அதனைக் கேட்டு ஆவன செய்வர். ஓர் எழுத்தும் அறியாத மீனவரும் இணையத்தின் பயனைப் பெற்றார் அல்லரோ?

அம்மையத்தின் அருமை 2004ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26ஆம் நாள் விளங்கிற்று. அன்று ஆழிப்பேரலை எழுந்து கடற்கரை ஊர்களை அழித்தது. நல்லவாடு என்னும் ஊரைச் சேர்ந்த ஒருவர் அப்போது சிங்கப்பூரில் இருந்தார். பேரலைச் செய்தியை அறிந்த அவர் உடனே தம் ஊருக்குத் தொலைபேசி வாயிலாக எச்சரிக்கை அனுப்பினார். ஊரினர் அறிவு மையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் அறிவித்தனர். மக்கள் கடற்கரையை விட்டு ஓடி உயிர் தப்பினர். செய்தி வந்தது கம்பியின் வழியாக; உயிரைக் காத்தது, அதனைக் கேட்டு, உணர்ந்து, ஊர்க்கு உரைத்த மனிதர் வழியாக.

தேனி மாவட்டத்தில் நிகழ்ந்த முயற்சி பரளச்சி போன்ற ஊர்களுக்கு இன்னும் நெருக்கமானது. கனடாவைத் தலைமையிடமாகக் கொண்ட 'காமன்வெல்த் ஆஃப் லேர்னிங்' என்னும் அமைப்பு, 2004ஆம் ஆண்டில், உழவர்க்கு வாழ்நாள் முழுதும் கல்வி அளிக்கும் திட்டம் ஒன்றை அங்குத் தொடங்கிற்று. 'விடியல்' என்னும் தொண்டு நிறுவனம் ஊர்ப் பெண்களைக் குழுக்களாகத் திரட்டிற்று. பல்கலைக்கழக அறிஞர்கள் பாடப் பொருளை வழங்கினர். வங்கியினர் கடன் தந்தனர். அக்கடனைக் கொண்டு பெண்கள் வாங்கியவை யாவை? ஆடுகள் வாங்கினர், அவற்றுக்குக் காப்பீடு செய்தனர், அவற்றோடு ஆளுக்கு ஒரு கைப்பேசியும் வாங்கினர். கைப்பேசியை வீண் செலவாகக் கருதாமல், ஆட்டைப் போலவே தொழிலுக்கு வேண்டிய முதலாக வங்கியினர் கருதியது வியப்புக்கும் பாராட்டுக்கும் உரியது.

அப்பெண்களுள் பலர் எழுத்தறியாதவர். ஆகவே, பாடம் எழுத்தில் வாராமல் குரலில் வந்தது. கைப்பேசி ஒலிக்கும், எடுத்துக் காதில் வைத்தால், நல்ல கிடாயைத் தெரிந்தெடுப்பது எவ்வாறு, குட்டிக்குப் பாலூட்டுவது எவ்வாறு, எந்நோய்க்கு எப்போது தடுப்பூசி இடுவது, எத்தழையைத் தீவனமாக்குவது என்பன போன்ற செய்திகள் சுருக்கமான தமிழில் கேட்கும். ஒவ்வொன்றும் ஓரிரு நிமிட அளவினதே. ஆடு மேய்க்கும்போதே அவர்கள் பாடம் கேட்டனர். மாலையில் குழுவாகக் கூடும்போது, கேட்டதை ஒருவர்க்கொருவர் சொல்லிக் கொண்டனர். ஐயுற்றதைக் கேட்டுத் தெளிந்தனர். மறுநாள் தம் ஆட்டிடமே செய்து பார்த்தனர். பாடத்தைக் கற்பதற்கென்று வேலையை விட வேண்டிய நிலை அவர்களுக்கு ஏற்படவில்லை, வேலையே பாடமாயிற்று. பட்டியே பள்ளியாயிற்று.

இம்முறை தமிழர்க்குப் புதிதன்று. திருக்குறளில் கல்வி, கல்லாமை என்னும் இரண்டு அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்னும் அதிகாரத்தை வைத்தார் வள்ளுவர். நூலைக் கற்கும் வாய்ப்பு இல்லாதவரும் கற்றவர்பால் கேட்டேனும் அறிவு பெறுதல் வேண்டும் என்பது அதன் கருத்து. கல்லாமையோடு முடித்துவிடாமல், அதற்கு மாற்றாகக் கேள்வியைக் காட்டினார் அப்பெருந்தகை. ஊர்ச் சாவடியில் ஒருவர் பாரதம் படிக்கப் பலர் இருந்து கேட்டதும், கூத்தும் வில்லுப்பாட்டும் வழியாகக் கதையும் அறமும் பரவியதும் கேள்வியின்பாற் பட்டனவே. கைப்பேசிக் குரல்வழிப் பாடம் அப்பழைய கேள்வியின் புதிய வடிவம் எனலாம்.

கேள்வியால் தொழிலறிவு வளரும். எனினும், எழுத்தறிவும் வேண்டுமன்றோ? அதற்கும் கணினி துணை செய்தது. தொழில் அறிஞர் எஃப்.சி. கோலி என்பவர் 2000ஆம் ஆண்டில், டாட்டா கன்சல்டன்சி நிறுவனத்தின் வாயிலாக, முதியோர்க்குக் கணினிவழி எழுத்தறிவு ஊட்டும் முறை ஒன்றை உருவாக்கினார். அது முதலில் ஆந்திர நாட்டுச் சிற்றூர்களில் கையாளப்பட்டது. பின்னர்த் தமிழ் உள்ளிட்ட பிற மொழிகளிலும் அமைக்கப்பட்டது. குழந்தைகளுக்குக் கற்பிப்பதுபோல் எழுத்துகளை வரிசையாக நெட்டுருச் செய்விப்பது அம்முறையன்று. முதியோர் தம் பேச்சில் நாளும் வழங்கும் சொல்லே திரையில் தோன்றும், அதற்குரிய படமும் தோன்றும், ஒலியும் கேட்கும். சொல்லை முழுமையாகக் கண்டு பழகிய பின்னர், அதன் எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டப்படும். அவ்வாறு ஏறத்தாழ 40 மணி நேரம் பயின்றால், எளிய செய்தித்தாளைப் படிக்கும் திறன் வரும் என்பது அம்முறையின் குறிக்கோள். வாரத்துக்கு நான்கு மணி நேரம் ஒதுக்கினாலும் பத்து வாரம் போதும். ஒரு வேளாண் பருவத்திலும் இது சிறிதன்றோ?

முதுமை கல்விக்குத் தடையன்று என்பதற்குக் கேரளத்துக் கார்த்தியாயினி அம்மையார் சான்றாவார். ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்த அவர் இளமையில் பள்ளிக்குச் செல்லாதவர். கோயில்களைத் தூய்மை செய்யும் பணியால் வாழ்ந்தவர். 2018ஆம் ஆண்டில், தம் 96ஆம் வயதில், மாநில எழுத்தறிவுத் தேர்வை எழுதினார். நூற்றுக்கு 98 மதிப்பெண் பெற்று முதன்மையுற்றார். அவர்க்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர்களுள் கொள்ளுப் பேரக் குழந்தைகளும் இருந்தனர் என்பது நாம் உளங்கொள்ளத் தக்கது. தேர்ச்சி பெற்றபின், கணினி கற்க விரும்புவதாக அவர் கூறினார். மாநிலக் கல்வி அமைச்சர் மடிக்கணினி ஒன்றை அவர்க்குப் பரிசாக அளித்தார். 2020ஆம் ஆண்டில் நாரி சக்தி விருதும் அவரை அடைந்தது. 2023ஆம் ஆண்டில், நூறு வயதைக் கடந்த நிலையில், அவர் மறைந்தார்.

அம்மாநிலத்தில், திருவனந்தபுரம் மாவட்டத்துப் புல்லம்பாறை ஊராட்சி மக்கள் தம் ஊரில் உள்ளோர் அனைவர்க்கும் கைப்பேசியும் இணையமும் பயன்படுத்தக் கற்பிக்க முற்பட்டனர். வேலை நடக்கும் இடத்திலும் வீட்டு முற்றத்திலும் வகுப்பு நடந்தது. மாணவரும் குடும்பப் பெண்டிரும் ஆசிரியர் ஆயினர். 2022ஆம் ஆண்டில் அவ்வூராட்சி தன் குறிக்கோளை எய்தியதாக அறிவிக்கப்பட்டது. அம்முறை மாநிலம் முழுதும் விரிவாக்கப்பட்டு, 2025ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் நிறைவெய்தியது. இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு பயிற்சி பெற்றனர். இணையத்தைக் கற்பிக்க இணையமே போதும் என்று அவர்கள் கருதவில்லை. வீடுதோறும் மனிதர் சென்றனர். அதனால் வெற்றி கிட்டிற்று.

இம்முயற்சிகளை நோக்குமிடத்து, எளிய முதியோர் கல்விக்கு உள்ள தடைகளும் அவற்றை நீக்கும் வழிகளும் புலனாகின்றன. முதல் தடை நேரமின்மை. விடியலில் களையெடுக்கச் செல்லும் பெண் மாலையில் வந்து உலை வைக்க வேண்டும். அவர் ஓய்வு கொள்ளும் நேரமே வகுப்பு நேரமாதல் வேண்டும். பாடம் சிறிதாகவும், விட்ட இடத்திலிருந்து தொடரத் தக்கதாகவும் இருத்தல் வேண்டும். இதற்கு இணையம் மிகவும் ஏற்றது. வகுப்பறை ஆசிரியர் ஒருமுறை கூறுவார். பதிவு செய்த பாடமோ நூறுமுறை கேட்பினும் சலிப்படையாது.

இரண்டாம் தடை, கருவி கையில் இல்லாமை. வீட்டில் ஒரே கைப்பேசி இருக்கும். அது மகனிடமோ கணவரிடமோ இருக்கும். பெண்டிர்க்கும் முதியோர்க்கும் அது கிட்டுவது அரிது. மகளிர் குழுவிலும் ஊர் நூலகத்திலும் பள்ளியிலும் பொதுக்கருவி இருப்பின் இத்தடை நீங்கும். மூன்றாம் தடை சிறிதாகத் தோன்றும், ஆனால் பெரிது. நாற்பது வயதைக் கடந்தவர்க்கு வெள்ளெழுத்து வருதல் இயல்பு. கண் மங்கியவர் திரையில் உள்ள சிறிய எழுத்தைக் காண இயலாமல், 'எனக்குப் படிப்பு ஏறாது' என்று விலகிவிடுவர். அவர்க்கு முதலில் வேண்டுவது பாடநூல் அன்று, மூக்குக்கண்ணாடியே. நான்காம் தடை மொழி. திரையில் ஆங்கிலம் நின்றால் எளியோர் அஞ்சுவர். தமிழும், அதனினும் சிறப்பாகத் தமிழ்க் குரலும் அமைதல் வேண்டும்.

எல்லாவற்றினும் வலிய தடை நாணம். 'இந்த வயதில் இதைக் கூடத் தெரியாதா?' என்று ஒருவர் நகைத்தால், அம்முதியவர் மறுமுறை வினவமாட்டார். இத்தடையைக் கருவி நீக்காது. அன்புடைய மனிதரே நீக்க வல்லார். ஆகவே, இணையவழிக் கல்வியால் ஆசிரியர் வேண்டாதவர் ஆகிவிடுவார் என்று கூறுவோர் உண்மையை உணராதவர். தொலைவை இணையம் நீக்கும். தயக்கத்தை அருகிருப்பவர் நீக்குவர். கண்மாய் எத்துணைப் பெரிதாயினும் நீர்பாய்ச்சி வேண்டும் என்பது இங்கும் பொருந்துகிறது.

இவ்வுண்மையைத் தம் வாழ்வில் கண்டவர் விருதுநகரில் தோன்றிய காமராசர். அவர் இளமையிலேயே தந்தையை இழந்தார். பள்ளிப் படிப்பை இடையில் விட்டுக் கடையில் வேலை செய்தார். விடுதலைப் போரில் ஈடுபட்டுப் பன்முறை சிறை சென்ற அவர், அங்குக் கிடைத்த ஓய்வில் நூல்களைப் பயின்று அறிவை வளர்த்துக் கொண்டார். பருவம் கடந்த பின்னும் கற்கலாம் என்பதற்கு அவரே எடுத்துக்காட்டு. 1954ஆம் ஆண்டில் முதலமைச்சரான அவர், பள்ளிகளைத் திறப்பதோடு நின்றுவிடவில்லை. பசித்த பிள்ளை பள்ளிக்கு வாராது என்பதை உணர்ந்து, 1956ஆம் ஆண்டில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். வாயிலைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது. உள்ளே வர இயலாமல் தடுப்பது யாது என்று ஆராய்ந்து அதனை நீக்குதல் வேண்டும் என்பதே அச்செயல் உணர்த்தும் நெறி. பிள்ளைக்குப் பசி தடையாயிற்று. உணவு அதனை நீக்கிற்று. முதியோர்க்கு நேரமும் நாணமும் கண்பார்வையும் தடையாகின்றன. அவற்றுக்கேற்ற உதவியே அவற்றை நீக்கும்.

பதினைந்து வயதுக்கு மேற்பட்ட எழுத்தறியாதோர்க்கென, 2022-23 முதல் 2026-27 வரையிலான ஐந்தாண்டுகளுக்குப் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் வகுக்கப்பட்டது. எழுத்தும் எண்ணும் மட்டுமன்றி, பண நடைமுறை, இணையப் பயன்பாடு, நலவாழ்வு, தொழிற்பயிற்சி ஆகியனவும் அதில் அடங்கும். கற்பிப்போர் தன்னார்வலர். எழுத்தறிந்த பின்னர், திறந்தநிலைப் பள்ளியில் சேர்ந்து மேல்வகுப்புத் தேர்வுகளை எழுதலாம். வயதுக்கு மேல்வரம்பு இல்லை. பின்னர்த் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டமும் பெறலாம். முதற்படி முதல் உச்சிப்படி வரையில் ஏணி ஒன்று இருக்கிறது. முதற்படியில் கால் வைப்போர்க்குக் கை கொடுப்பவரே வேண்டும்.

மாணவர்களே! அக்கையைக் கொடுப்பது உங்களால் இயலும். உங்கள் இல்லத்தில் எழுத்தறியாத பாட்டியோ தாத்தாவோ இருப்பின், நாள்தோறும் அரைமணி நேரம் அவர்களோடு அமருங்கள். முதலில் அவர்தம் பெயரை எழுதக் கற்பியுங்கள். பின்னர் ஊர்ப் பெயரையும், பேருந்துப் பலகையில் உள்ள பெயர்களையும் கற்பியுங்கள். கைப்பேசியில் எண்களை அடையாளம் காணவும், வங்கிச் செய்தியில் தொகையைப் படித்தறியவும், கடவு எண்ணைப் பிறர்க்குக் கூறாதிருக்கவும் பழக்குங்கள். அவர்கள் தடுமாறும்போது கைப்பேசியை வாங்கி நீங்களே செய்து முடித்துவிடாதீர்கள். செய்து கொடுப்பது உதவி. செய்யக் கற்றுக் கொடுப்பதே கல்வி. கருவி அவர்கள் கையிலேயே இருக்கட்டும்; நீங்கள் அருகில் இருங்கள். பிழை செய்தால் நகையாதீர்கள். நீங்கள் முதன்முதல் எழுதிய கோணல் எழுத்தைக் கண்டு அவர்கள் மகிழ்ந்தார்களேயன்றி நகைக்கவில்லை.

எந்தக் கைகள் உழைத்தமையால் நீங்கள் பள்ளியில் அமர்ந்திருக்கிறீர்களோ, அந்தக் கைகள் இன்னும் மைதோய்த்துப் பெருவிரல் பதிக்கின்றன. அவற்றுள் ஒரு கையேனும் உங்களால் எழுதுகோலைப் பிடிக்குமாயின், நீங்கள் கற்ற கல்வி பயனுடையதாகும்.

பயிற்சி

1. இக்காலத்தில் எழுத்தறியாதோர்க்கு ஏற்பட்டுள்ள புதிய இடர்கள் யாவை?
2. தேனி மாவட்டப் பெண்கள் வேலையை விடாமல் கற்ற முறையை விளக்குக.
3. 'தொலைவை இணையம் நீக்கும். தயக்கத்தை அருகிருப்பவர் நீக்குவர்' – இக்கூற்றை இப்பாடத்தில் வரும் எடுத்துக்காட்டுகளால் நிறுவுக.
4. உங்கள் ஊரில் முதியோர் கல்விக்கு உள்ள தடைகளைக் கேட்டறிந்து, அவற்றை நீக்கும் வழிகளை ஒரு பக்க அளவில் எழுதுக.